எலி எங்கேயோ, ஆந்தை அங்கே

பறவைகள் குளிர்காலத்தில் ஊர்விட்டு ஊர் போகின்றன என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். ஏன் போகின்றன கண்ணு?

“குளிருக்குப் பயந்துதான்!” என்று நீ சொல்வது எனக்குக் கேட்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைதான் நீ. ஆனாலும் அந்தப் பதிலுக்கு இப்போதே முழு மதிப்பெண் போட மாட்டேன். இரண்டு ஆந்தைகளைக் காட்டுகிறேன். பார்த்துவிட்டு மறுபடி பதில் சொல்.

முதல் ஆந்தைக்காக நீ புனே வர வேண்டும். நான் குடியிருக்கும் ஊர் இது. ஊருக்கு மேற்கே சஹ்யாத்ரி மலை நிற்கிறது. ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து வரும் மழைமேகம் அந்த மலைமேல் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மலைமேல் இருக்கும் லோணாவளா ஊரில் குடை பிடித்தாலும் நனைந்துதான் போவாய். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதற்குள் மேகத்தில் தண்ணீர் குறைந்துவிடுகிறது. புனேயிலிருந்து கிழக்கே போகப் போக மழை இன்னும் குறையும். அடர்ந்த காடு வளர அந்த மழை போதாது. புல் வளரத் தாராளமாகப் போதும்.

ஹடப்சரைத் தாண்டித் திவே காட் என்னும் மலைப்பாதையில் ஏறினால் சாஸ்வட் வரும். அதற்கும் அப்பால் சுபே, பாராமதி, இந்தாபூர். வழியெல்லாம் மேடும் சரிவுமாகப் புல்வெளி. இங்கே இருப்பவர்கள் மாளரான் என்பார்கள். சுபே பக்கத்தில் மயூரேஷ்வர் சரணாலயம் இருக்கிறது. 1997-இல் அறிவித்தார்கள். பரப்பு 5 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சிங்காரா மான்கள் அங்கே மேயும். இந்தாபூர் வட்டத்தில் கட்பன்வாடிப் புல்வெளி. அங்கே ஓநாய் உண்டு. ஓநாய் என்றதும் பயந்துவிடாதே. உன்னைப் பார்த்தால் அதுதான் முதலில் ஓடும்.

டிசம்பர் மாதம், மாலை ஐந்தரை மணி என்று வைத்துக்கொள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறோம். புல்லுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் பழுப்பு நிறப் பறவை ஒன்று வருகிறது. இறக்கையை ஆற அமர அடிக்கிறது. நேராகப் போவதில்லை. திடீரென்று ஒரு பக்கம் சாய்கிறது. திரும்பி வருகிறது. ஒரே இடத்தில் நின்று படபடக்கிறது. அப்புறம் இரண்டு காலையும் தொங்கவிட்டுத் தொப்பென்று புல்லுக்குள் விழுகிறது.

பருந்து என்றுதான் முதலில் நினைப்பாய். அது எழுந்து பக்கத்து மேட்டில் உட்காரும்போது பார். வட்ட முகம். மஞ்சள் கண். கண்ணைச் சுற்றி யாரோ தாராளமாக மை தீட்டிவிட்ட மாதிரி கறுப்பு. இதுதான் குட்டைக்காது ஆந்தை.

“காதே தெரியவில்லையே மாமா?” நல்லாப் பார்த்தாய்! நெற்றிக்கு மேலே இரண்டு சின்ன இறகுக் குஞ்சம் இருக்கிறது. கோபமோ பயமோ வந்தால்தான் நிமிரும். அதைப் பார்த்து வைத்த பெயர் இது. உண்மையான காது முகத்தின் இரு பக்கத்திலும் இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. புல்லுக்கு அடியில் எலி நகரும் சத்தத்தை வைத்தே அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும்.

இதன் உடம்பு நம் ஊர்க் காக்கை அளவுதான் இருக்கும். எடை அரைக் கிலோகூடத் தேறாது. ஆனால் இறக்கையை விரித்தால் ஒரு மீட்டர். இவ்வளவு லேசான உடம்புக்கு இவ்வளவு பெரிய இறக்கை எதற்கு? மெதுவாகப் பறப்பதற்கு. வேகமாகப் போனால் எலியைத் தவறவிட்டுவிடும். மெதுவாகப் போனால் சாதாரணப் பறவை கீழே விழுந்துவிடும். அகன்ற இறக்கை இதைத் தாங்கிப் பிடிக்கிறது.

சரி, இது எங்கிருந்து வந்தது? வட ஆசியாவிலிருந்து. அங்குள்ள புல்வெளிகளிலும் சதுப்புகளிலும் கோடையில் தரையிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அக்டோபர், நவம்பரில் இந்தியாவுக்கு வரும். மார்ச் வாக்கில் திரும்பிவிடும். வரும் நேரத்தைக் கவனித்தாயா? ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இங்கே மழை. மழையில் புல் வளர்கிறது. புல்லில் விதை பிடிக்கிறது. விதையைத் தின்று வயல் எலியும் வெள்ளெலியும் சுண்டெலியும் பெருகுகின்றன. பந்தி போட்டு இலையும் விரித்தாயிற்று என்னும்போது விருந்தாளி வந்து இறங்குகிறார்.

இதுவரை புரிந்ததா? அப்படியானால் இரண்டாவது ஆந்தையிடம் போவோம். இதற்குப் புனே போதாது. உலக உருண்டையின் உச்சிக்குப் போக வேண்டும்.

ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹெட்விக்கை உனக்குத் தெரியும். அது பனி ஆந்தை. கதையில் ஹெட்விக் பெண். ஆனால் படத்தில் நடித்தவை ஆண் ஆந்தைகள்! ஏனென்றால் வயது வந்த ஆண்தான் வெள்ளை வெளேர் என்று இருக்கும். பெண்ணின் உடம்பில் கரும்பழுப்புக் கோடுகள் ஓடும். பெண் ஆணைவிடப் பெரியது. இரண்டு கிலோவுக்கு மேலும் போகும்.

வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாத துந்திரச் சமவெளிதான் இதன் வீடு. கால் விரல்வரை இறகு மூடியிருக்கும். அலகின் பெரும்பகுதியும் இறகுக்குள் புதைந்திருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் சும்மா உட்கார்ந்திருக்கும். இப்போது யோசி. இவ்வளவு கம்பளி போர்த்திய பறவை குளிருக்குப் பயந்தா ஊர்விட்டுப் போகும்?

ஆனால் போகிறது. எல்லாம் போவதில்லை, சில போகின்றன. அதுவும் எல்லா வருஷமும் ஒரே மாதிரி இல்லை. சில வருஷம் தெற்கே ஒன்றிரண்டுதான் வரும். சில வருஷம் படையெடுத்து வரும். நம் குட்டைக்காது ஆந்தைபோல அக்டோபர் வந்தால் மூட்டை கட்டும் பழக்கம் இதற்குக் கிடையாது.

காரணம் லெம்மிங். பனிப்பிரதேசத்தில் வாழும், குட்டை வால் வைத்த, கொழுகொழு எலி வகை இது. பல இடங்களில் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை இதன் எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறும். பிறகு சடாரென்று சரியும். லெம்மிங் இல்லாத வருஷத்தில் பனி ஆந்தை முட்டையே இடாமல் விட்டுவிடும். லெம்மிங் கொழிக்கும் வருஷத்தில் ஒரே கூட்டில் பத்துப் பதினொரு முட்டைகூட இடும்.

2013 கோடையில் கனடாவின் கியூபெக் மாநிலத்து வடகோடியில் லெம்மிங் அப்படித்தான் கொழித்தது. அங்கே ஒரு பனி ஆந்தைக் கூட்டை எடுத்த படம் ஒன்று உண்டு. நடுவே குஞ்சுகள். சுற்றிவர, வேலி வைத்த மாதிரி, செத்த எலிகள். எண்ணிப் பார்த்தார்கள். 70 லெம்மிங், 8 வோல் எலி. அப்பா ஆந்தை கொண்டுவந்து அடுக்கி வைத்த சேமிப்பு! தின்றது போக மிச்சமே இவ்வளவு.

அந்தக் குளிர்காலம் என்ன நடந்தது தெரியுமா? கனடாவின் கிழக்குப் பகுதியிலும் அமெரிக்காவிலும் பனி ஆந்தைகள் வந்து குவிந்தன. கடற்கரை மணலில், வயல் வரப்பில், தந்திக் கம்பத்தில். வெயில் ஊரான ஃபுளோரிடாவில்கூட ஒன்று வந்து உட்கார்ந்தது. நடுக்கடலில் இருக்கும் பெர்முடா தீவுக்கும் ஒன்று போய்ச் சேர்ந்தது.

“பாவம், அங்கே சாப்பாடு இல்லாமல் பட்டினியில் ஓடி வந்திருக்கும்” என்று பெரியவர்களே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஆனால் பிடித்து எடை போட்டுப் பார்த்தால் நிறைய ஆந்தைகள் நல்ல கொழுப்போடு இருந்தன. வந்தவற்றில் பெரும்பாலானவை அந்தக் கோடையில் பிறந்த குஞ்சுகள். அதாவது, பஞ்சத்தில் வந்த கூட்டம் இல்லை. விளைச்சல் அமோகமாக இருந்ததால் பிள்ளைகள் அதிகமாகி, இடம் தேடி வந்த கூட்டம்.

வந்த பிறகு அவை எப்படிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அதைச் சொல்வதற்குமுன் உன்னை உன் பாட்டி ஊருக்குக் கூட்டிப் போகிறேன்.

பாட்டி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாமரம். இந்த வருஷம் காய்ப்பு சுமார். உனக்கும் தம்பிக்கும் சரியாகப் போதும். தெருப் பையன்கள் கல்லோடு வருகிறார்கள். நீ என்ன செய்வாய்? மரத்தடியில் கட்டிலைப் போட்டுக் காவல் இருப்பாய். சரிதானே?

அடுத்த வருஷம் மரத்தில் இலை தெரியாத அளவு காய். பறித்துத் தீரவில்லை. இப்போது பையன்கள் வந்தால் விரட்டுவாயா? “எடுத்துக்கிட்டுப் போங்கடா” என்பாய். விரட்டி ஓடும் நேரத்துக்கு இன்னும் நாலு பழம் தின்னலாமே!

அதற்கடுத்த வருஷம் பூவெல்லாம் உதிர்ந்து, மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லை. அப்போது யாராவது காவல் இருப்பார்களா? அடுத்த தெருவில் எந்த மரம் காய்த்திருக்கிறது என்று பார்க்கக் கிளம்பிவிடுவாய்.

பார்த்தாயா, மரம் அதே மரம். நீயும் அதே பிள்ளை. காய்ப்புதான் மாறியது. காவல் இருப்பதா, பகிர்ந்துகொள்வதா, கிளம்பிப் போவதா என்பதைக் காய்ப்பு தீர்மானிக்கிறது. ஆந்தையின் கணக்கும் இதேதான். மாங்காய் இருந்த இடத்தில் எலியைப் போட்டுக்கொள்.

கனடாவில் கால்கரி என்ற ஊர். அதைச் சுற்றியுள்ள வயல்வெளியில் குளிர்காலத்தில் தங்கும் பனி ஆந்தைகளை இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கவனித்து 1982-இல் எழுதினார்கள். பெண் ஆந்தைகளில் சில, ஆளுக்கு ஒரு நிலம் என்று வளைத்துப் போட்டுக் காவல் காத்தன. சிறியது 150 ஹெக்டேர், பெரியது 450 ஹெக்டேர். எவ்வளவு என்று புரியவில்லையா? எங்கள் புனேயில் சாவித்ரிபாய் பூலே பல்கலைக்கழக வளாகம் 411 ஏக்கர். கிட்டத்தட்ட 166 ஹெக்டேர். பேருந்தைவிட்டு இறங்கி அதைச் சுற்றி வந்தாலே உன் கால் வலித்துவிடும். ஓர் ஆந்தைக்கு அவ்வளவு பெரிய வளாகம், தனியாக!

எல்லைக்குள் வேறு ஆந்தை வந்தால் குனிந்து இறக்கையை விரித்து மிரட்டும். பறந்து துரத்தும். நிலம் பிடிக்க முடியாதவை ஓரிடத்தில் நிற்காமல் நாடோடியாக அலையும். பாவம்தான். ஆனால் அலைவதும் ஒரு பிழைப்புத்தான். காய்த்த மரம் அடுத்த ஊரில் இருக்கலாம் இல்லையா?

விமான நிலையத்திலும் பனி ஆந்தை வந்து தங்கும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கடலை ஒட்டி லோகன் விமான நிலையம் இருக்கிறது. மரமில்லை. தரை சமம். கட்டையான புல். எலியும் வாத்தும் உண்டு. துந்திரத்திலிருந்து வரும் ஆந்தைக்குச் சொந்த ஊர் மாதிரி இருக்கும்! விமானத்துக்கும் ஆந்தைக்கும் ஆபத்து ஆயிற்றே என்று நார்மன் ஸ்மித் என்பவர் 1981 முதல் அங்கே போய் ஆந்தைகளைப் பத்திரமாகப் பிடித்து வேறு இடத்தில் விட்டு வந்தார். இப்படி நூற்றுக்கணக்கான ஆந்தைகள். சிலவற்றின் முதுகில் செயற்கைக்கோளோடு பேசும் கருவியைக் கட்டிவிட்டார். தெற்கே வந்த ஆந்தைகள் திரும்பாமல் இங்கேயே செத்துவிடும் என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். வசந்தம் வந்ததும் அவை வடதுருவம் நோக்கிக் கிளம்பிவிட்டன.

2013 படையெடுப்பின்போது அமெரிக்காவில் ஸ்னோஸ்டார்ம் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அவர்கள் கட்டிய கருவி இன்னும் சாமர்த்தியமானது. வெயிலில் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஆந்தை எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டே இருக்கும். மொபைல் டவர் பக்கத்தில் இருந்தால் அந்தக் குறிப்பை அனுப்பிவிடும். டவர் இல்லாத வடதுருவத்துக்கு ஆந்தை போய்விட்டால்? குறிப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அடுத்த குளிர்காலத்தில் ஆந்தை மறுபடி டவர் எல்லைக்குள் வந்ததும் மொத்தக் கதையையும் கொட்டிவிடும். விடுமுறை முடிந்து வந்த பிள்ளை பேசுகிற பேச்சு!

அந்தக் கதைகளில் என்ன இருந்தது? சில ஆந்தைகள் குளிர்காலம் முழுக்க ஒரே வயலைச் சுற்றிச் சுற்றி வந்தன. சில நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலைந்தன. சில உறைந்த பெரிய ஏரிகளின் நடுவே பனிக்கட்டிமேல் நாட்கணக்கில் இருந்தன. ஏரி நடுவே எலி ஏது? பனிக்கட்டி விரிசல் விட்டு இடையில் தண்ணீர் தெரியும் இடத்தில் வாத்துகள் கூடும். ஆந்தை அங்கே காத்திருந்து வாத்தைப் பிடித்தது.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் கனடாவின் பைலட் தீவில் கிடைத்தது. 2007-இல் அங்கே 9 பெண் பனி ஆந்தைகளுக்குக் கருவி கட்டினார்கள். அவற்றில் பல, குளிர் ஏறியதும் தெற்கே வராமல் உறைந்த கடலுக்குப் போய்விட்டன! சூரியன் எட்டிப் பார்க்காத இருட்டில், கடல் வாத்துகளைத் தின்று வாழ்ந்தன. இன்னொன்றும் தெரிந்தது. ஒரு கோடையில் கூடு கட்டிய இடத்துக்கும் அடுத்த கோடையில் கட்டிய இடத்துக்கும் சராசரியாக 725 கிலோமீட்டர் தூரம். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போவதுபோல! போன வருஷ வீட்டுக்கே திரும்பி வரும் குருவிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரம்தான். லெம்மிங் எங்கே கொழித்ததோ அங்கே அது குடி போயிற்று.

களைத்துப் போனாயா? ஒரு வாய் தண்ணீர் குடி. மறுபடி புனேக்கு வந்துவிடலாம். இங்கே பனியும் இல்லை, லெம்மிங்கும் இல்லை.

குட்டைக்காது ஆந்தை பகலில் மரத்தில் தூங்குவதில்லை. புல்லுக்குள் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். மார்பில் ஓடும் கோடுகள் காய்ந்த புல்லோடு அப்படியே கலந்துவிடும். இரண்டடி தள்ளி நின்றால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. எலி மிகுந்த புல்வெளியில் நாலைந்து ஆந்தை, சில சமயம் அதற்கும் மேல், பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். சண்டை கிடையாது. ஏன் என்று உனக்கே தெரியும். எடுத்துக்கிட்டுப் போங்கடா!

இதே புல்வெளிக்கு அதே மாதங்களில் வேறொரு விருந்தாளியும் வருகிறார். பூனைப்பருந்து. மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வரும். குஜராத்தின் வேளாவதர் புல்வெளியில் மாலையில் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் புல்வெளிக்கும் வரும். பூனைப்பருந்தும் புல்லுக்குமேல் தாழப் பறந்துதான் வேட்டையாடும். ஆனால் பகலில். அது தூங்க இறங்கும் நேரத்துக்கு ஆந்தை எழுந்து கிளம்பும். ஒரே நிலத்தில் பகல் ஷிஃப்ட், சாயங்கால ஷிஃப்ட். இரண்டும் சந்திக்கும் அந்த அரை மணி நேரத்தில் ஒன்றை ஒன்று துரத்தும் கூத்தும் நடக்கும்.

ஆந்தை என்ன தின்றது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதனிடமே கேட்கலாம். ஆந்தைக்குப் பல் இல்லை. சின்ன எலியை முழுசாக விழுங்கும். சதை ஜீரணமாகும். முடியும் எலும்பும் ஆகாது. வயிறு அவற்றை ஒரு உருண்டையாகத் திரட்டும். சில மணி நேரம் கழித்து ஆந்தை கழுத்தை நீட்டி அந்த உருண்டையைக் கக்கிவிடும். சாம்பல் நிறத்தில், உன் கட்டைவிரல் நீளத்துக்கு இருக்கும்.

பெரியவர் யாராவது கூட இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு அதை வெந்நீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம். முதலில் முடி பிரியும். பிறகு ஊசிபோல் மெல்லிய விலா எலும்பு. பிறகு தாடை. எலியின் தாடை என்று உடனே தெரிந்துவிடும். முன்பற்கள் இரண்டும் ஆரஞ்சு நிறம்! பல் தேய்க்காததால் அல்ல. அதன் பல்லில் இரும்புச் சத்து உண்டு. பல்லுக்கு உறுதி தருவது அதுதான். மண்டை ஓட்டை எண்ணினால் எத்தனை எலி உள்ளே போயிற்று என்று கணக்கு வந்துவிடும். கையை சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதே.

இப்படி உருண்டை பிரித்துப் பிரித்துத்தான் புனே மாவட்டத்தில் வாழும் கொம்பன் ஆந்தை என்ற வேறோர் ஆந்தையின் சாப்பாட்டைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சியே நடந்தது. செய்தவர்கள் புனேயைச் சேர்ந்த இலா அறக்கட்டளைக்காரர்கள். டாக்டர் சதீஷ் பாண்டே அந்த அறக்கட்டளையை நடத்துகிறார். அந்த ஆந்தைக்கும் எலிதான் முக்கியமான உணவு. இவர்கள் புரந்தர் வட்டத்தில் பிங்கோரி என்னும் கிராமத்தில் 2018-இல் ஆந்தைத் திருவிழா ஒன்றைத் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆந்தை படம் வரைவார்கள், முகமூடி செய்வார்கள், பாடுவார்கள். ஆந்தை கத்தினால் சாவு என்று பயமுறுத்தும் பெரியவர்களும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மறு வருஷம் நவம்பர் கடைசியில் உலக ஆந்தை மாநாடே புனேயில்தான் நடந்தது.

கொம்பன் ஆந்தை எங்கும் போவதில்லை. பாறைச் சரிவிலும் கைவிட்ட கல்குவாரியிலும் வருஷம் முழுக்க இருக்கும். என் தெருவில் ஆலமரப் பொந்தில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை இருக்கிறது. மராத்தியில் பிங்களா. உன் தெருவிலும் கட்டாயம் இருக்கும். கைக்கடக்கமான உடம்பு. யாராவது பார்த்தால் தலையை மேலும் கீழும் ஆட்டி முறைக்கும். அதுவும் ஊர்விட்டுப் போகாது. ஏன் போகவில்லை? அதன் சாப்பாட்டுப் பட்டியலைப் பார். தெருவிளக்கைச் சுற்றும் வண்டு, விட்டில், பல்லி, சுண்டெலி, சின்னக் குருவி. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. எது கிடைத்தாலும் தின்பவர் வீட்டோடு இருக்கலாம். ஒன்றையே நம்பி இருப்பவர்தான் பயணம் கட்ட வேண்டும்.

இப்போது என் கேள்விக்கு மறுபடி பதில் சொல். பறவை ஏன் இடம் மாறுகிறது? சபாஷ்! குளிருக்கு அதில் பங்கு உண்டு. பனி மூடினால் எலி அகப்படாது அல்லவா? ஆனால் ஆந்தையைக் கிளப்புவது வயிறு.

அதனால்தான் புல்வெளிமேல் எனக்குக் கொஞ்சம் கவலை. மரம் இல்லாத நிலத்தைப் பார்த்தால் சிலருக்குக் கை துறுதுறுவென்கிறது. தரிசு என்று எழுதிவிடுகிறார்கள். மனை போடுகிறார்கள். அல்லது, நல்லது செய்வதாக நினைத்து, வரிசையாக மரம் நடுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் அப்படி நிறைய நட்டது கிளைரிசிடியா. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். அழகாக இளஞ்சிவப்பில் பூக்கும். அதன் சொந்த ஊரில் பட்டையையும் இலையையும் எலி மருந்தாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்! எலியை நம்பிப் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் ஆந்தைக்கு இப்படி ஒரு வரவேற்பு. மரம் நடுவது நல்லதுதான், கண்ணு. புல்வெளியை அழித்து நடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த விடுமுறைக்கு உனக்கு ஒரு புதிர் தருகிறேன். மூன்று புல்வெளிகள். முதல் புல்வெளியில் ஒரு குட்டைக்காது ஆந்தை தினமும் அதே மேட்டில் உட்காருகிறது. வேறு ஆந்தை வந்தால் விரட்டுகிறது. இரண்டாவதில் ஆறு ஆந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன. மூன்றாவதில் ஓர் ஆந்தை ஒரு மாலை மட்டும் தென்பட்டது, மறுநாள் காணோம். எங்கே எலி அதிகம்? எங்கே குறைவு? பாட்டியின் மாமரத்தை நினைத்துக்கொண்டு யோசி.

ஊர்ப்பக்கம் புல்வெளி இருந்தால் டிசம்பர், ஜனவரியில் அப்பாவோடோ அத்தையோடோ சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போ. புல்லுக்குள் இறங்காதே. படுத்திருக்கும் ஆந்தையை மிதித்துவிடுவாய். பாதையிலேயே நில். ஒரு தாளில் அந்த இடத்தின் படத்தைப் போட்டு, பறவை உட்காரும் மேட்டையும் கல்லையும் குறித்துக்கொள். ஆந்தை கிடைக்காவிட்டால் தெருவில் இருக்கும் புள்ளி ஆந்தையை வைத்து ஆரம்பி. அது எந்தக் கிளையில் உட்காருகிறது, எத்தனை மணிக்குப் பொந்தைவிட்டு வெளியே வருகிறது என்று எழுது. குட்டைக்காது ஆந்தைக்கான படத்தை மட்டும் பென்சிலில் போடு. எலி இடம் மாறினால் அழித்து எழுத வேண்டியிருக்கும்.